சீனப் புத்தாண்டுப் பருவத்தில் சரக்கும் சம்பிரதாயமும்: குவாங்சோவுக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கொள்முதல் வேலையாகக் குவாங்சோ, ஃபோஷான், ஷென்சென் பக்கம் வந்து சேர்ந்தவர்களுக்கும், சென்னையிலோ திருப்பூரிலோ இருந்தபடி சீனத் தொழிற்சாலைகளிடம் சரக்கு எடுப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். இங்கே வந்த புதிதில் இதையெல்லாம் சொல்ல ஆளில்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். தொழிற்சாலையில் விசாரித்தால் எல்லாவற்றுக்கும் "பிரச்சினையே இல்லை" என்பார்கள். சென்னை அலுவலகத்தில் விசாரித்தால் "விடுமுறை எட்டு நாள்தானே?" என்பார்கள். இரண்டையும் நம்பக்கூடாது.

காலண்டரில் வசந்த விழா, அதாவது சீனப் புத்தாண்டு விடுமுறை எட்டு, ஒன்பது நாள்தான். தொழிற்சாலைக் கணக்கில் அது ஏழெட்டு வாரம். விடுமுறை என்று தொடங்குகிறது என்பதைவிட, யார் எப்போது ஊருக்குக் கிளம்புகிறார் என்பதுதான் முக்கியம். சாயப்பட்டறைக்காரர் ஒரு தேதியில் கிளம்புவார், லாரி ஓட்டுநர் இன்னொரு தேதியில், முத்திரையைக் கையில் வைத்திருக்கும் கணக்கர் அம்மா வேறொரு தேதியில். இந்தத் தேதிகளை முன்கூட்டியே கேட்டு வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. தேதியைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள்

புத்தாண்டு சந்திரமானக் கணக்கில் வருவதால் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும். 2026-இல் பிப்ரவரி 17, 2027-இல் பிப்ரவரி 6, 2028-இல் ஜனவரி 26. ஜனவரியில் வரும் ஆண்டுகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. டிசம்பர் இறுதியில் நம் ஊர் அலுவலகங்கள் சோம்பிக் கிடக்கும் வேளையில் இங்கே கடைசிக் கட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

அரசு விடுமுறைப் பட்டியலை அரசவை (சீன மத்திய அரசு) முந்தைய ஆண்டின் இறுதியில் வெளியிடும். 2025 முதல் புத்தாண்டுக்கு முந்தைய நாளும் சட்டப்படியான விடுமுறையாகச் சேர்ந்துவிட்டது. 2026-க்கு பிப்ரவரி 15 முதல் 23 வரை ஒன்பது நாள் அறிவித்தார்கள். அதற்கு ஈடாக பிப்ரவரி 14, 28 ஆகிய இரண்டு சனிக்கிழமைகளையும் வேலை நாளாக்கிவிட்டார்கள். ஈடுசெய்யும் இந்தச் சனி, ஞாயிறுகளைக் காலண்டரில் தனியாக வட்டமிட்டு வையுங்கள். வங்கியும் அலுவலகமும் திறந்திருக்கும் சனிக்கிழமை கிடைப்பது பல நேரங்களில் பெரிய உதவி.

2027 பிப்ரவரி 6-ஐ எடுத்துக்கொண்டால் என் கணக்கு இப்படிப் போகும். சாதாரண நுகர்பொருளுக்கு ஆர்டரை உறுதிசெய்து அட்வான்ஸ் அனுப்ப நவம்பர் நடுப்பகுதி. மூலப்பொருள் தொழிற்சாலைக்கு வந்து சேர நவம்பர் இறுதி. உற்பத்தி டிசம்பர் முழுவதும். தர ஆய்வு ஜனவரி முதல் வாரம். கண்டெய்னர் ஏற்றுவது பொங்கலுக்குள். அதற்குப் பிறகு ஏற்றக்கூடிய நாள் இல்லாமல் போகாது. ஆனால் லாரி வாடகை ஏறியிருக்கும், கப்பலில் இடம் கிடைக்காது, கிடைத்த இடமும் கடைசி நேரத்தில் அடுத்த கப்பலுக்குத் தள்ளிப்போகும்.

ஜூனில் பள்ளி திறப்புக்கான பை, தண்ணீர் பாட்டில், குடை எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தெற்குச் சீனத் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு நேர்க்கப்பலில் சுமார் இரண்டு, மூன்று வாரம். புத்தாண்டுக்கு முன் ஏற்றத் தவறினால் அடுத்த உற்பத்தி மார்ச் நடுவில்தான் சூடுபிடிக்கும், சரக்கு கையில் சேர மே ஆகிவிடும்.

2. தொழிற்சாலையிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

"உங்களுக்கு எப்போது விடுமுறை?" என்று மட்டும் கேட்டால் அரசு விடுமுறைத் தேதியைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தனித்தனியாகக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

முதலில் ஜாப் ஒர்க் செய்பவர்கள். சாயம், மின்முலாம், அச்சு, அட்டைப்பெட்டி முதலிய வேலைகளைப் பெரும்பாலும் வெளியே கொடுத்துத்தான் வாங்குகிறார்கள். அந்தச் சின்னப் பட்டறைகள் பெரிய தொழிற்சாலைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே கதவைச் சாத்திவிடும். பொருள் தயாராகி, போட அட்டைப்பெட்டி இல்லாமல் சரக்கு நின்றுபோவது அபூர்வமே அல்ல.

அடுத்து தொழிலாளர்கள். குவாங்தோங் தொழிற்சாலைகளில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் ஹுனான், சிச்சுவான், குவாங்சி, ஹெனான் என்று வெளி மாகாணத்தவர். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு வாரம் கூடுதலாக நிறுத்திவைக்க முதலாளியால் முடியாது, நீங்கள் கூடுதல் காசு தருவதாகச் சொன்னாலும் முடியாது. ஜனவரி நடுவில் தொழிற்சாலைக்குப் போய்ப் பாருங்கள். வரிசையில் மூன்றில் ஒரு இயந்திரம் துணி போர்த்திக் கிடக்கும். மீதி இயந்திரங்களின் அருகே சூட்கேஸ்கள் நிற்கும், சிலவற்றின் மேல் அரிசி குக்கர் பெட்டி கயிற்றால் கட்டியிருக்கும். அந்த வாரத்தில் தைத்த சரக்கைக் கூடுதல் கவனத்தோடு ஆய்வு செய்யுங்கள். கை இங்கேயும் மனம் ரயில் நிலையத்திலும் இருக்கும் நேரம் அது.

பிறகு ஏற்றும் கடைசி நாள், விற்பனைப் பிரிவு கடைசியாக அலுவலகம் வரும் நாள், கணக்குப் பிரிவின் கடைசி நாள் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது.

கடைசியாக, திரும்பும் தேதி. அலுவலகம் திறக்கும் நாள் வேறு, உற்பத்தி முழு வேகம் பிடிக்கும் நாள் வேறு. சந்திரமான முதல் மாதத்தின் 15-ஆம் நாளான விளக்குத் திருவிழா முடியும்வரை பலர் ஊரிலிருந்து கிளம்ப மாட்டார்கள். 2027-இல் அது பிப்ரவரி 20.

3. பணம்: எப்போது, எவ்வளவு, யார் பெயருக்கு

ஆண்டு முடிவதற்குள் கடனை அடைத்துவிட வேண்டும் என்பது இங்கே வெறும் வியாபார விதி அல்ல, மானப் பிரச்சினை. முதலாளி மூலப்பொருள்காரருக்குக் கொடுக்க வேண்டும், தொழிலாளருக்கு முழுச் சம்பளமும் ஆண்டிறுதி போனஸும் கொடுக்க வேண்டும். பல இடங்களில் அந்த போனஸைப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் என்றே சொல்வார்கள். ஆகவே ஜனவரியில் உங்களிடம் பாக்கி கேட்டு வரும் நெருக்கடி மற்ற மாதங்களில் வருவதைப் போல இருக்காது. வழக்கமாக 30 விழுக்காடு அட்வான்ஸ், 70 விழுக்காடு ஏற்றும்போது என்று இருந்தாலும், "மீதியை இப்போதே அனுப்ப முடியுமா?" என்று கேட்பார்கள். ஆய்வு முடியாமல் அனுப்பாதீர்கள். ஆனால் ஆய்வு முடிந்த பிறகு ஒரு நாள்கூட இழுத்தடிக்காதீர்கள். அந்த ஒரு வாரத்தில் நேரத்தோடு பணம் கொடுத்தவரை அடுத்த ஆண்டு முழுக்க நினைவு வைத்திருப்பார்கள். விலை குறைக்கப் பேசுவதற்கு இதைவிட நல்ல முதலீடு எனக்குத் தெரிந்து இல்லை.

இந்தியாவிலிருந்து அனுப்பும் டாலர் சீன வங்கியில் வரவாகிச் சரிபார்க்கப்பட இரண்டு, மூன்று வேலை நாளாவது வையுங்கள். விடுமுறையில் சில கிளைகள் தனிநபருக்காகத் திறந்திருந்தாலும் கம்பெனிக் கணக்கு வேலைகள் பெரும்பாலும் நடக்காது. புத்தாண்டுக்குக் குறைந்தது பத்து நாள் முன்பே பணம் அங்கே இருக்கட்டும்.

பொறி: இந்தப் பருவத்தில்தான் "எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்ற மின்னஞ்சல் வரும். அனுப்புநர் முகவரியில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும். மின்னஞ்சலுக்குப் பதில் எழுதிச் சரிபார்ப்பதில் பயனில்லை, பதிலும் அதே திருடனிடம்தான் போகும். வீசாட் செயலியில் முகம் பார்த்துப் பேசி, கணக்கு எண்ணை அவர் வாயால் படிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள கம்பெனிப் பெயரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லையென்றால் அனுப்பவே வேண்டாம். முதலாளியின் மனைவி கணக்கு, ஹாங்காங் கம்பெனிக் கணக்கு என்றெல்லாம் சொல்வார்கள். பின்னால் இந்திய வங்கியில் இறக்குமதி ஆவணத்தோடு பொருத்தும்போது நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

4. ஆவணங்கள்: முத்திரை ஊருக்குப் போவதற்கு முன்

சீனக் கம்பெனியில் கையெழுத்தைவிடப் பெரியது சிவப்பு வட்ட முத்திரை. அது பெரும்பாலும் கணக்குப் பிரிவில் ஒருவர் பொறுப்பில் பூட்டியிருக்கும். அவர் ரயில் ஏறிவிட்டால் முதலாளியே வந்தாலும் ஒப்பந்தம், விலைப்பட்டியல், அழைப்புக் கடிதம் எதிலும் முத்திரை விழாது. ஏப்ரலில் குவாங்சோவில் நடக்கும் கேண்டன் கண்காட்சிக்கு ஆள் வரவேண்டும், தொழிற்சாலை அழைப்பின் பேரில் வணிக விசா எடுக்கவேண்டும் என்றால், அந்தக் கடிதத்தை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மார்ச்சில்தான் கேட்க முடியும், அதற்குள் விசாவுக்கு நேரம் நெருங்கிவிடும்.

கப்பலேறிய சரக்குக்கு நான்கு தாள் முக்கியம்: விலைப்பட்டியல், பேக்கிங் பட்டியல், கப்பல் தரப்பு தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங், பொருள் எந்த நாட்டில் தயாரானது என்று காட்டும் மூலச் சான்றிதழ். ஆசிய பசிபிக் வணிக உடன்பாட்டில் இந்தியா, சீனா இரண்டும் இருப்பதால் சில பொருள்களுக்கு மூலச் சான்றிதழ் இருந்தால் சுங்கவரியில் சலுகை உண்டு. அதைத் தரும் அலுவலகங்களும் விடுமுறையில் மூடியிருக்கும். 2020-இல் வந்த கரோட்டர் என்னும் இந்தியச் சுங்க விதிகளின்படி, சலுகை கேட்கும் இறக்குமதியாளர் அந்தப் பொருள் எப்படித் தகுதி பெற்றது என்ற விவரத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். தொழிற்சாலையிடம் அந்த விவரம் கேட்க ஜனவரி கடைசி வாரம் நல்ல நேரம் அல்ல.

பில் ஆஃப் லேடிங்தான் எனக்கு அதிகம் எரிச்சல் கொடுத்த சமாசாரம். எங்களுக்குச் சரக்கு அனுப்பிய ஒரு ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பும் முகவர்), அசல் தாள்களை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். கண்டெய்னர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது, டெலிவரி ஆர்டர் வாங்க அசல் இல்லை, வாடகை நாளுக்கு நாள் ஏறுகிறது, அந்தப் பக்கம் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே நம்பிக்கையான தொழிற்சாலை என்றால், பணம் போனதும், அசல் தாள் இல்லாமலே சரக்கை எடுக்கவிடும் டெலெக்ஸ் ரிலீஸ் வாங்குங்கள். அசல்தான் வேண்டுமென்றால் கப்பல் கிளம்பிய அன்றே கூரியரில் போட்டு எண்ணை அனுப்பச் சொல்லுங்கள். பெரிய கூரியர் நிறுவனங்கள் சில விடுமுறையிலும் கூடுதல் கட்டணத்துக்கு ஓடும். ஆனால் தாளை உறையில் போட்டுக் கொடுக்க அலுவலகத்தில் ஆள் இருக்க வேண்டுமே.

விலைப்பட்டியலில் திருத்தம் இருந்தால் அதையும் முன்பே முடியுங்கள். இந்தியச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பான பில் ஆஃப் என்ட்ரி தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் என்று கட்டணம் ஏறும். இங்கே ஒரு எண்ணைத் திருத்த ஆளில்லாமல் அங்கே காசு கரையும்.

5. உங்கள் சொந்தத் தாள்கள்

வேலை விசாவில் இருப்பவர்கள் வதிவிட அனுமதி முடியும் தேதியை இப்போதே பாருங்கள். புதுப்பிக்கக் குறைந்தது 30 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பித்ததும் கடவுச்சீட்டை வாங்கிக்கொண்டு ரசீது தருவார்கள். முடிவுக்கு 15 வேலை நாள் வரை ஆகலாம். வேலை நாள் என்பதால், நடுவில் விடுமுறை வந்தால் அது ஒரு மாதத்தை நெருங்கும். அந்த ரசீதை வைத்து உள்நாட்டில் இருக்கலாம், வெளிநாடு போக முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் அனுமதி முடிகிறவர்கள் டிசம்பரிலேயே வேலை அனுமதியைப் புதுப்பிக்கத் தொடங்கினால்தான் புத்தாண்டுக்கு ஊர் போக வழி கிடைக்கும். "உங்கள் மனிதவளப் பிரிவு பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால், மனிதவளப் பிரிவு எந்தத் தேதியில் ஊருக்குப் போகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.

வாடகை வீட்டில் தங்குபவர்கள் வந்து சேர்ந்த 24 மணி நேரத்துக்குள் பகுதிக் காவல் நிலையத்தில் பதிவு செய்வது சட்டம். விடுதி என்றால் அவர்களே செய்துவிடுவார்கள். தவறினால் எச்சரிக்கையோ, 2,000 யுவான் வரை அபராதமோ வரும். ஊருக்குப் போய்த் திரும்பியபோது மீண்டும் பதிய வேண்டுமா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. கிளம்பும் முன்பே உங்கள் காவல் நிலையத்தில் கேட்டுவிடுங்கள்.

ஹாங்காங் வழியாகப் போய்வர நினைப்பவர்களுக்கு இரண்டு சங்கதி. இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே 14 நாள் வரை விசா தேவையில்லை, ஆனால் வருகைக்கு முந்தைய பதிவை இணையத்தில் செய்திருக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. ஹாங்காங்குக்குள் போனால் சீனாவை விட்டு வெளியேறியதாகவே கணக்கு. ஒருமுறை நுழையும் விசாவில் வந்தவர் ஷென்சென்னிலிருந்து ஒரு நாள் சுற்றிப்பார்க்கப் போனால் திரும்பி வர முடியாது.

6. பயணமும் வீட்டுச் சாமானும்

சுன்யுன் என்னும் பயணப் பருவம் 40 நாள்: புத்தாண்டுக்கு 15 நாள் முன் தொடங்கி, பின்னால் 25 நாள். ரயில் டிக்கெட் சீன ரயில்வேயின் 12306 செயலியில் 15 நாள் முன்பு திறக்கும். கடவுச்சீட்டை வைத்துக் கணக்குத் தொடங்கி அடையாளச் சரிபார்ப்பை முன்கூட்டியே முடியுங்கள். டிக்கெட் திறக்கும் நிமிடத்தில் சரிபார்ப்புக்கு உட்கார்ந்தால் ரயில் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். காத்திருப்போர் பட்டியலில் பெயர் போட்டு வைத்தால் கிடைக்க வாய்ப்பு உண்டு. தானியங்கிக் கதவு கடவுச்சீட்டைப் படிக்கவில்லையென்றால் ஆளிருக்கும் வழிக்குப் போங்கள். அந்த வரிசை நீளம், ஆகவே ஒரு மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் இருங்கள்.

2025 அக்டோபரில் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு நேர் விமானம் மீண்டும் தொடங்கியது. நம்மில் பலர் சிங்கப்பூர், கோலாலம்பூர், ஹாங்காங் வழியில்தான் சென்னைக்குப் போகிறோம். அங்கெல்லாமும் இதே புத்தாண்டுக் கூட்டம்தான், கட்டணம் மூன்று பக்கமும் ஏறும். நவம்பரில் வாங்கிவிடுங்கள்.

ஊர் போகாமல் இங்கேயே இருப்பவர்கள், புத்தாண்டு முந்தைய நாள் மாலைக்குள் காய்கறி வாங்கி வையுங்கள். காய்கறிச் சந்தையும் சின்ன உணவகங்களும் சில நாள் மூடிக் கிடக்கும். பெரிய கடைகள் திறந்திருக்கும். நகரம் காலியாகி, சுரங்க ரயிலில் உட்கார இடம் கிடைக்கும் வாரம் அது, எனக்குப் பிடித்த வாரமும்கூட. அதற்கு முந்தைய மூன்று இரவுகளில் குவாங்சோவின் பூச்சந்தைகளுக்குப் போய்ப் பாருங்கள். பீச் மரக் கிளையை ஆள் உயரத்துக்கு வெட்டித் தோளில் சுமந்துகொண்டு போவார்கள்.

7. ஆண்டிறுதி விருந்து

டிசம்பர் இறுதி முதல் தொழிற்சாலைகளும் கம்பெனிகளும் ஆண்டு விருந்து வைக்கும். அழைப்பு வந்தால் போங்கள். பேச்சுவார்த்தை மேசையில் கிடைக்காத முதலாளி அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்.

இருக்கையை நீங்களே தேர்ந்துகொள்ளாதீர்கள். வாசலை நோக்கிய இடம் விருந்தளிப்பவருக்கு, அவர் வலப்பக்கம் முக்கிய விருந்தினருக்கு. காட்டும்வரை நின்றுகொண்டிருங்கள். விலாசச் சீட்டை இரு கையாலும் கொடுத்து இரு கையாலும் வாங்குங்கள். முதலாளியைக் குடும்பப் பெயரோடு "சோங்" சேர்த்து அழைப்பது வழக்கம்: வாங் சோங், லீ சோங். பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதைக் குறைவு.

குடி விஷயம். பைஜியு என்னும் வெள்ளைச் சாராயம் பெரும்பாலும் 50 டிகிரிக்கு மேல் இருக்கும். சின்னக் கிண்ணம் என்று ஏமாறாதீர்கள், மேசைக்கு மேசை வந்து "கன்பெய்" சொல்வார்கள். குடிக்காதவர் முதல் கிண்ணத்திலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டு குடித்துவிட்டு மூன்றாவதை மறுத்தால், அந்த ஆளோடு மட்டும் குடிக்க விருப்பமில்லை என்று பொருளாகிவிடும். "யி ச்சா தாய் ஜியு" என்று சொல்லித் தேநீர்க் கிண்ணத்தைத் தூக்குங்கள், மதுவுக்குப் பதில் தேநீர் என்று ஏற்றுக்கொள்வார்கள். எதைத் தூக்கினாலும், மூத்தவர் கிண்ணத்தின் விளிம்புக்குக் கீழே உங்கள் விளிம்பு இருக்கட்டும். குவாங்தோங்கில் யாராவது தேநீர் ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் மெல்லத் தட்டுவதே நன்றி. பேச்சு நடக்கும்போதும் கை அனிச்சையாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்பீர்கள். இரண்டே மாதத்தில் உங்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும்.

சைவம் சாப்பிடுபவர்கள் முந்தைய நாளே வீசாட்டில் எழுதுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழிச்சாற்றில் வெந்த கீரை வரும். மீன், கோழிச்சாறு, சிப்பிச் சாறு, பன்றிக் கொழுப்பு, நான்கும் கூடாது என்று எழுதி, சீனமொழியில் மாற்றி, சமையல்காரருக்கே காட்டச் சொல்லுங்கள். "பௌத்தர் சாப்பிடுகிற மாதிரி" என்றால் சட்டென்று புரியும். சாப்பிடும் குச்சியைச் சோற்றில் நட்டுவைக்காதீர்கள், அது இறந்தவருக்கு வைக்கும் ஊதுவத்தியை நினைவூட்டும்.

விருந்தில் விலை பேசக்கூடாது. அன்றைக்குப் பேசினால் "புத்தாண்டுக்குப் பிறகு பார்ப்போம்" என்ற சிரிப்புதான் கிடைக்கும். அதை ஒப்புதல் என்று சென்னைக்கு எழுதிவிடாதீர்கள்.

8. சிவப்பு உறையும் அன்பளிப்பும்

வடக்கே ஹொங்பாவ், குவாங்தோங்கில் லாய்சீ. மற்ற மாகாணங்களில் தொகை பெரிது. குவாங்தோங்கில் சின்னத் தொகையே வழக்கம், இது நம் பர்சுக்கு நல்ல செய்தி. திருமணமானவர் ஆகாதவருக்கும், முதலாளி ஊழியருக்கும் கொடுக்க வேண்டும். கட்டடக் காவலாளி, துப்புரவு செய்யும் அம்மா ஆகியோருக்கு 10 அல்லது 20 யுவான். உங்களுக்குக் கீழ் வேலை பார்ப்பவருக்கு 50 முதல் 100. வீட்டு வேலைக்கு ஆள் வைத்திருந்தால், ஊருக்குக் கிளம்பும் முன் அதைவிடக் கணிசமாகக் கொடுப்பதே நியாயம். இரட்டைப்படைத் தொகையாக இருக்கட்டும், 4 வேண்டாம், 8 மிக விசேஷம். நம் ஊர் மொய்யைப் போல ஒரு ரூபாய் சேர்த்து 101 என்று வைக்காதீர்கள், இங்கே ஒற்றைப்படை துக்க வீட்டுக்கு உரியது. தாள் புதிதாக இருக்க வேண்டும். புதுத் தாளுக்கு வங்கியில் கூட்டம் சேரும், ஜனவரி முதல் வாரத்திலேயே வாங்குங்கள்.

வீசாட்டிலும் உறை அனுப்பலாம், ஒரு உறைக்கு 200 யுவான் வரை. அதற்குச் சீன வங்கிக் கணக்கு இணைத்திருப்பது நல்லது. வெளிநாட்டு அட்டையை இணைத்துக் கடையில் பணம் கட்டலாம். 200 யுவானுக்கு மேற்பட்ட ஒவ்வொரு செலவுக்கும் 3 விழுக்காடு கட்டணம் பிடிப்பார்கள். பெரிய பில்லை அட்டையில் கட்டும் முன் இதை நினைவில் வையுங்கள்.

உங்களுக்கு உறை வந்தால் இரு கையாலும் வாங்கி, பிரிக்காமல் பையில் வையுங்கள். பரிசுப்பொருளும் அப்படித்தான். கொடுக்கும்போது இரண்டு முறை மறுப்பார்கள், மூன்றாம் முறை வாங்கிக்கொள்வார்கள்.

கொடுக்கத் தக்கவை: நல்ல பெட்டியில் பழம், தேயிலை, முந்திரி. நீலகிரித் தேயிலைக்கும் டார்ஜிலிங்குக்கும் நல்ல மரியாதை கிடைத்தது. கொடுக்கக்கூடாதவை: கடிகாரம், குடை, கத்தி, பேரிக்காய், பச்சைத் தொப்பி. குடைதான் உங்கள் சரக்கு என்றாலும் மாதிரிக் குடையைப் பரிசாக நீட்டாதீர்கள். வெள்ளைத் தாளில் சுற்றாதீர்கள், யார் பெயரையும் சிவப்பு மையில் எழுதாதீர்கள்.

பொறி: சுங்க அதிகாரி, அரசுத் துறையினர், அரசு நிறுவன ஊழியர் ஆகியோருக்கு எதுவும் கொடுக்காதீர்கள், வாழ்த்து அட்டையோடு நிறுத்துங்கள். தனியார் கம்பெனியிலும் கொள்முதல் அலுவலருக்குத் தனியாகக் கொடுக்கும் பெரிய தொகை லஞ்சக் குற்றமாகும். உங்கள் தொழிற்சாலை உங்கள் தர ஆய்வாளர் பையில் திணிக்கும் கனத்த உறையும் அதே ரகம். அதை வாங்கக்கூடாது என்று ஆய்வுக்கு முன்பே இரு தரப்புக்கும் எழுதிவிடுங்கள்.

9. வாழ்த்தும் மௌனமும்

புத்தாண்டு முந்தைய இரவு வாழ்த்துச் செய்தி அனுப்புங்கள். கூட்டமாக அனுப்பும் பூக்கள் பறக்கும் படத்தைவிட, பெயர் போட்ட ஒரு வரி மேல். குவாங்தோங்கில் "குங் ஹெய் ஃபாட் சோய்", மற்ற இடங்களில் "சின் நியென் குவாய் லே". அந்த வாழ்த்துக்குக் கீழேயே "அப்புறம், அந்த பில் ஆஃப் லேடிங் நகல்..." என்று எழுதாதீர்கள். முதல் ஐந்து நாள் சரக்குப் பேச்சே வேண்டாம். உண்மையான அவசரத்துக்கு முதலாளிக்கு மட்டும் ஒரு செய்தி.

உங்களுக்குக் கீழே ஆட்கள் இருந்தால் இதையும் அறிந்துகொள்ளுங்கள்: புத்தாண்டு முந்தைய நாளும் முதல் மூன்று நாளும் வேலை வாங்கினால் மூன்று மடங்கு ஊதியம் சட்டப்படி கட்டாயம், மாற்று விடுப்பு தந்து தப்ப முடியாது. சென்னை மேலாளர் "ஒரே ஒரு அறிக்கைதான்" என்று கேட்டால் இந்தக் கணக்கை அனுப்பி வையுங்கள்.

10. கதவு திறந்த பிறகு

சந்திரமான முதல் மாதத்தின் ஆறு அல்லது எட்டாம் நாளில் பல கம்பெனிகள் திறக்கும். சிங்க நடனம், வாசலில் முதலாளி நின்று ஊழியர் கையில் உறை கொடுப்பது என்று காலை கழியும். அன்று நேரில் போய் நிற்பவருக்குத் தனி மதிப்பு.

அந்த வாரத்தில் முதலில் விசாரிக்க வேண்டியது ஆட்கள் திரும்பிவிட்டார்களா என்பதை. போனஸ் வாங்கிய கையோடு வேலை மாறுவது இங்கே வாடிக்கை. தையல்காரர் மட்டுமல்ல, உங்களோடு ஓராண்டு பேசிய விற்பனைப் பெண்ணும் வேறு தொழிற்சாலைக்குப் போயிருப்பார். பழைய மாதிரி, நிற எண், "அந்த வாட்டி பேசினோமே" என்ற விலை எல்லாம் அவருடைய சொந்த வீசாட்டோடு போய்விடும். டிசம்பரிலேயே முதலாளி, கணக்கர் இருவரின் வீசாட்டையும் சேர்த்து வையுங்கள், முக்கியமானதையெல்லாம் மின்னஞ்சலில் போட்டு வையுங்கள்.

மார்ச்சில் புதிய ஆட்கள் கையில் ஓடும் முதல் சரக்குக்கு, இறுதி ஆய்வு போதாது. உற்பத்தி 20 விழுக்காடு முடிந்ததும் ஒருமுறை போய்ப் பாருங்கள். அனுமதித்த மாதிரியில் இரு தரப்பும் கையெழுத்திட்டு ஒன்று அங்கே, ஒன்று உங்களிடம் இருக்கட்டும். விலையும் இந்த நேரத்தில்தான் ஏற்றப் பார்ப்பார்கள். டிசம்பரில் முத்திரை விழுந்த விலைத்தாள் இருந்தால் பேச்சு சுருங்கும்.

11. அக்டோபர் என்னும் தம்பி

அக்டோபர் 1 முதல் ஒரு வாரம் தேசிய விடுமுறை. அதை ஒட்டியோ சற்று முன்போ இலையுதிர்கால நிலவுத் திருவிழா வரும். 2026-இல் அது செப்டம்பர் 25. 2025-இல் அக்டோபர் 6-இல் வந்ததால் இரண்டும் சேர்ந்து எட்டு நாள் ஆனது. இதற்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் தங்கிவிடுவதில்லை, ஆகவே இழப்பு பத்து நாளுக்குள் அடங்கும். ஆனால் தீபாவளிச் சரக்குக்கு இது நேர் எதிரி. ஆகஸ்ட் இறுதிக்குள் ஏற்றியிருக்க வேண்டும்.

அந்த நாள்களில் தொழிற்சாலைகள் நிலாப் பலகாரப் பெட்டி கொடுக்கும். வாங்கிக்கொள்ளுங்கள், திருப்பிப் பரிசாக நீங்களும் பெட்டி அனுப்புங்கள். குவாங்தோங் வகையில் நடுவே உப்பிட்ட வாத்து முட்டைக் கரு இருக்கும், மாவில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். சைவக்காரர்கள் பெட்டியின் பின்பக்கம் உள்ள பொருள் பட்டியலைக் கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்துவிட்டுச் சாப்பிடலாம். அக்டோபர் 15 அன்று கேண்டன் கண்காட்சி தொடங்கும்போது, அடுத்த புத்தாண்டுக்கான ஆர்டர் தேதிகளைத் தொழிற்சாலைகளிடம் நேரிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.